தொற்றுக் காலத்தில் அறுப்பின் பண்டிகை: காணிக்கை, ஏலம், ஆராதனை – சபைக் கமிட்டிக்கு முழு வழிகாட்டி

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில், விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகை என்றால் ஆலயத்துக்குள் நுழையும்போதே வாசனை அடிக்கும். தூணில் சாய்த்த வாழைத்தார், பீடத்துக்கு முன்னால் நெற்கதிர், ஓலைக்கொட்டானில் கருப்பட்டி, முருங்கைக்காய்க் கட்டு, சுவரோரம் கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு தேங்காயைக் கவனித்துப் பாருங்கள். சிறுபிள்ளை கொண்டுவருகிறது, ஒருவர் வாங்கி அடுக்குகிறார், ஏலம் விடுகிறவர் தூக்கிக் காட்டுகிறார், எடுத்தவர் “திரும்ப ஏலத்துக்கே விடுங்க” என்று கொடுத்துவிடுகிறார். அப்படியே இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று. பத்துப் பன்னிரண்டு கை மாறியபிறகுதான் அது யார் வீட்டுக்காவது போய்ச் சேரும். ஆனால் தொற்றுக் காலத்தில் அந்தத் தேங்காயை விடப் பெரிய ஆபத்து, அதைச் சுற்றி நெருக்கியடித்து நின்று உரக்க விலை கேட்கிற வாய்கள்தான்.

2020-லும் 2021-லும் பல சபைகள் பண்டிகையையே விட்டுவிட்டன. சில சபைகள் ஒன்றுமே நடக்காததுபோல வழக்கப்படி நடத்தின. இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருந்தது, அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. கொரோனா இனி உலக நெருக்கடி நிலை இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி சொல்லிவிட்டது. ஆனாலும் இன்னொரு தொற்று வராது என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் கற்றுக்கொண்டதை முறையாக எழுதிவைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேதாகமத்தில் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில் ஒரு ஏற்பாடு சொல்கிறார். நான் வந்தபிறகு பணம் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி தங்களிடமே எடுத்துவையுங்கள் என்கிறார். அதாவது காணிக்கை பிரிக்கப்படும் இடம் வீடு. நம் பாட்டிமார் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டதும் இதுவேதான். மிசோரமிலும் அந்தக் கைப்பிடி அரிசி நூறு வருடங்களுக்கு மேலாகச் சபைகளைத் தாங்கிவருகிறது. கூட்டம் கூடித்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கமிட்டி முதலில் விட வேண்டும். அதன்பிறகு எல்லா வேலையும் சுலபம்.

எட்டு வாரத்துக்கு முன்: தேதியும் தீர்மானமும்

தேதியை ஞாயிற்றுக்கிழமையோடு கட்டிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் 2020 மார்ச் கடைசியில் அடைபட்டன. கிராமத்துச் சிறு ஆலயங்கள் ஜூலையிலும் பெரிய ஆலயங்கள் செப்டம்பர் 1-ஆம் தேதியும்தான் திறந்தன. 2021 ஏப்ரல் 26-இல் மறுபடி அடைத்து ஜூலை 5-இல் திறந்தார்கள். அப்புறம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பொதுமக்கள் உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. ஞாயிறு மட்டுமே தெரிந்த சபைகள் திகைத்துப்போயின. வியாழக்கிழமை காலை ஆராதனைக்குத் தயாராக இருந்த சபைகள் தப்பின. ஆகவே ஒரு முதல் தேதி, ஒரு மாற்றுத் தேதி, எதுவும் முடியாவிட்டால் வீட்டிலிருந்தே நடத்தும் திட்டம் என மூன்றையும் சேர்த்தே தீர்மானம் போடுங்கள்.

அதே கூட்டத்தில் வருமானம் எங்கே போக வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பண்டிகை வருமானத்தை நம்பித்தான் பல சபைகளில் ஊழியர் சம்பளமும் மின்கட்டணமும் ஓடுகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையிழந்த வீடுகளுக்கு எவ்வளவு என்பதைப் பணம் வருவதற்கு முன்பே முடிவு செய்தால்தான் அது நடக்கும். வந்தபிறகு பேசினால் கூரை ஒழுகுவது ஞாபகம் வரும், காம்பவுண்டு சுவர் ஞாபகம் வரும். எங்கள் சபையில் பாதிக்குப் பாதி என்று வைத்தோம். உங்கள் அளவை நீங்கள் வையுங்கள், கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தோடு வையுங்கள்.

கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ ஒருமுறை போய்ப் பேசுங்கள். ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பது அவர்களுக்குத் தெரியும். மாவட்ட நிர்வாகத்தின் அப்போதைய உத்தரவில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் ஊரில் தொற்று ஏறினால் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். சேகரகுருவும் (சபைப் போதகர்) செயலரும் ஒரு மருத்துவப் பணியாளரும் போதும். இருபது பேர் கூடி வாக்குவாதம் செய்கிற நேரம் அது இல்லை.

ஆறு வாரத்துக்கு முன்: ஒரே மாதிரிக் கவர்

இந்த முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் எத்தனை குடும்பமோ அத்தனை கவர், எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. உள்ளே ஒரு சீட்டு. சீட்டின் ஒரு பக்கம் கொடுப்பதற்கு: பணம், அல்லது “2 மரக்கால் நெல்”, “1 வாழைத்தார்”, “சேவல் 1”, அல்லது “ஒருநாள் வேலை”. மறுபக்கம் வாங்குவதற்கு: “எங்களுக்குப் பருப்பு வேண்டும்”, “மாத்திரை வாங்க வேண்டும்”, “பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்”. ஒரே சீட்டில் இரண்டு பக்கமும் எழுதலாம். எல்லாக் கவரையும் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும்.

பெட்டியில் கவர் விழும்போது கொடுக்கிற வீடா, கேட்கிற வீடா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. 2020-இல் பீடி சுற்றும் வீடுகளிலும் கட்டட வேலைக்குப் போகும் வீடுகளிலும் மாதக்கணக்கில் வரும்படி இல்லை. அவர்களில் பலர் வாய்திறந்து கேட்கவே இல்லை. கேட்க வெட்கப்பட்டு ஆராதனைக்கே வராமல் இருந்த வீடுகளை எனக்குத் தெரியும். வரும்படி இல்லாத வருடத்தில் பண்டிகை அவர்களுக்குத் தலைக்குனிவாக ஆகிவிடக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று: காணிக்கைப் பட்டியலைப் பெயர், தொகையோடு வாசிக்கிற வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் அந்த வருடம் நிறுத்துங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் போதும். அப்புறமும் திரும்பத் தொடங்காமல் விட்டால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

கவரை வீட்டுவாசலில் கொடுக்க இளைஞர் இருவர் இருவராகப் போகட்டும். முகக்கவசத்தோடு, திண்ணைக்கு வெளியே நின்று பேசினால் போதும். எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆச்சி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏ ராசா, கவருக்குள்ள முட்டைய எப்பிடிய்யா வைக்கது?” என்று கேட்டாள். வருடாவருடம் ஆறு முட்டை கொண்டுவருகிறவள். அந்தக் கேள்வியிலிருந்துதான் அடுத்த ஏற்பாடு பிறந்தது.

பண்டிகை வாரம்: பொருள் காணிக்கை

பொருளை எல்லாரும் ஒரே காலையில் கொண்டுவர வேண்டாம். தெருவாரியாக நாள் ஒதுக்குங்கள். திங்கள் முதல் வியாழன் வரை கெட்டுப்போகாதவை: நெல், உளுந்து, தேங்காய், கருப்பட்டி, புளி, வத்தல். சனிக்கிழமை மாலை காய்கறியும் பழமும். ஆலயத்துக்கு வெளியே, மரத்தடியில் இரண்டு மேசை போடுங்கள். முதல் மேசையில் கொண்டுவருகிறவர் வைத்துவிட்டு ஒதுங்கட்டும். அப்புறம் பொறுப்பாளர் எடுத்து எடைபோட்டு, எண் எழுதிய சீட்டை ஒட்டிப் பதிவேட்டில் எழுதட்டும். ரசீதை இரண்டாம் மேசையில் வைத்தால் எடுத்துக்கொள்வார். ஒரே பேனா எல்லார் கைக்கும் போக வேண்டியதில்லை, கையெழுத்தும் தேவையில்லை.

ஆடு, கோழிக்கு வேறு வழி. அவை கொடுத்தவர் வீட்டிலேயே நிற்கட்டும். பதிவேட்டில் எழுதிப் புகைப்படம் எடுத்தால் போதும். ஏலத்தில் எடுத்தவர் நேராக அந்த வீட்டு முற்றத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். ஆச்சியின் முட்டையும் அப்படியே அவள் வீட்டு அரிசிப் பானையிலேயே இருந்தது. ஏலம் எடுத்த பையன் போய் வாங்கிக்கொண்டான். கோழி குறுக்கே ஓடாத ஏலத்தை எங்கள் ஊர் அந்த வருடம்தான் பார்த்தது.

காய்கறியைக் கிருமிநாசினியில் முக்காதீர்கள், பிளீச்சிங் கரைசலைத் தெளிக்கவே கூடாது. வீட்டில் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும். 2020 மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களை உட்காரவைத்து அவர்கள் மேலேயே மருந்து அடித்தார்கள். அந்த மாதிரித் தெளிப்பு யாரையும் காக்காது, கண்ணையும் தோலையும்தான் கெடுக்கும். கொரோனா முக்கியமாகப் பரவியது மூச்சுக் காற்றில். மருந்து தெளிக்கச் செலவழிக்கும் பணத்தை ஜன்னல் கீல்களைச் சரிசெய்யச் செலவழியுங்கள்.

ஏலம்

வாட்ஸ்அப் குழுவில் ஏலம் நடத்தலாம், நாங்கள் நடத்தினோம். பொருளின் படம், எண், தொடக்க விலை மூன்றையும் முந்தின நாளே போட்டுவிட வேண்டும். மாலை 7 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடிப்பது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 20 ரூபாய் கூட்டுவது, 8 மணிக்குப் பிறகு வரும் விலை செல்லாது என்று விதியைத் தெளிவாக எழுதுங்கள். குழுவில் அந்த ஒரு மணி நேரம் விலையைத் தவிர வேறு எதுவும் போடக் கூடாது. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு ஒரு தன்னார்வலர் போனில் இருக்கட்டும், அவர்கள் சொல்லும் விலையை இவர் குழுவில் போடட்டும்.

ஆனால் எனக்கு இதை விடப் பிடித்தது சீட்டு ஏலம். பொருளின் எண், தன் குடும்ப எண், விலை மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடுவது. மூன்று பேர் முன்னிலையில் பிரித்து அதிக விலைக்குக் கொடுப்பது. ஒரே விலை இரண்டு பேர் எழுதியிருந்தால் குலுக்கல். கூட்டம் இல்லை, சத்தம் இல்லை. “அவன் ஆயிரம் சொல்லிட்டான், நான் விட்டுக்கொடுப்பனா” என்ற போட்டியும் இல்லை. அந்த வருடம் விலை குறையும் என்று பொருளாளர் அண்ணாச்சி கவலைப்பட்டார். சில பொருளுக்குக் குறைந்தது உண்மை. ஆனால் வருடக்கணக்காக ஏலத்தில் வாயே திறக்காத பெண்கள் நிறையப் பேர் சீட்டு எழுதினார்கள்.

பணம் வாங்குவதும் எண்ணுவதும்

காணிக்கைப் பையை வரிசைவரிசையாகக் கை மாற்ற வேண்டாம். வாசலருகே அகலமான வாயுள்ள பெட்டி ஒன்று, வெளியேறும் வழியில் இன்னொன்று. க்யூஆர் அட்டை வைத்தால் ஸ்கேன் செய்யும்போது சபையின் வங்கிக் கணக்குப் பெயர்தான் வர வேண்டும். பொருளாளரின் சொந்தப் பெயர் வரக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. ஒவ்வொரு ஆராதனைக்கு முன்பும் ஒருவர் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, அட்டைமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்படவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். போன் திரையில் காட்டுகிற பச்சை டிக்கைக் கணக்கில் எழுதாதீர்கள். வங்கிக் கணக்கில் வந்ததை மட்டும் எழுதுங்கள்.

பெட்டியைப் பூட்டி மறுநாள் எண்ணலாம். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர், ஜன்னல் திறந்த அறை, எண்ணும்முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கைகழுவல். எண்ணிய தாளில் இருவர் கையெழுத்து, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்டு. கவருக்குள் வந்த தேவைச் சீட்டுகளைச் சேகரகுரு ஒருவர் மட்டும் பார்க்கட்டும்.

ஆராதனை

2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் ஊரில் ஒரு பாடகர் குழு ஆலயம் ஒன்றில் பயிற்சிக்குக் கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரம். அவர்களில் 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். அதே மாதம் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கிராமச் சபையின் கூடுகைகளுக்கு வந்த 92 பேரில் 35 பேருக்குத் தொற்று உறுதியானது, மூவர் இறந்தார்கள். பாட்டும் நீண்ட நேரமும் மூடிய அறையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு ஊரும் போதும். நம் மத்தியச் சுகாதார அமைச்சகமும் 2020 ஜூன் 4-இல் வெளியிட்ட நெறிமுறையில் குழுவாகப் பாடுவதைத் தவிர்த்து, பதிவு செய்த இசையைப் போடச் சொன்னது. சொந்தப் பாயைக் கொண்டுவரவும் சொன்னது.

அதனால் முதல் விருப்பம் முற்றம். பந்தல் போட்டால் மேலே மட்டும் போடுங்கள், பக்கத்துத் தட்டிகளும் துணிமறைப்பும் வேண்டாம். காலை 6.30-க்குத் தொடங்கினால் வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம். முழு ஆராதனையும் 40 நிமிடம். பிரசங்கம் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும், அறுப்பின் செய்திக்கு அது தாராளம். எல்லாரும் சேர்ந்து பாடுவதற்குப் பதில் ஒருவர் கீர்த்தனை பாட, மற்றவர்கள் முகக்கவசத்துக்குள் மனதுக்குள் பாடட்டும். பாடாமல் நிற்பது நம் சனத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளேதான் என்றால் எல்லாக் கதவும் ஜன்னலும் முந்தின நாளே திறந்துவிட வேண்டும். ஏசி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரு பக்க ஜன்னலில் நிற்கும் மின்விசிறியை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தால் உள்காற்று வெளியேறும், எதிர்ப்பக்கத்திலிருந்து புதுக்காற்று வரும். இருக்கைக் கணக்கு இப்படி: ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சை மூடிவிடுங்கள். மிச்சத்தில் பெஞ்சுக்கு இரண்டு பேர், இரு முனைகளில். ஒரே வீட்டார் என்றால் சேர்ந்து உட்காரலாம். 30 பெஞ்சு உள்ள ஆலயத்தில் தனியாட்கள் 30 பேர், குடும்பமாக வந்தால் 50 பேர் வரை. 200 பேர் சபைக்குக் குறைந்தது நான்கு ஆராதனை வேண்டும், நடுவில் அரைமணி நேரமாவது ஆலயம் காலியாகக் கிடக்க வேண்டும். தரையில் உட்காரும் சபைகளில் சுண்ணாம்பால் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டு, அவரவர் பாயையோ போர்வையையோ கொண்டுவரச் சொல்லுங்கள்.

திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிர்வது) இருந்தால் பொதுப் பாத்திரம் வேண்டாம், தனித்தனிச் சின்னக் கிண்ணம். முன்கூட்டியே ஊற்றி மூடிவைத்து, ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய் அருந்தட்டும்.

ஒரு எச்சரிக்கை. சானிடைசர் போட்ட கையோடு யாரும் மெழுகுதிரி ஏற்றக் கூடாது. அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால், பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. பீடத்துக்குப் போகிறவர்கள் சோப்பும் தண்ணீரும் பயன்படுத்தட்டும், சானிடைசர் பாட்டில் வாசலோடு நிற்கட்டும்.

வர முடியாதவர்களை மறக்காதீர்கள். முதியவர்களும் கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் வீட்டில் இருக்கட்டும், அது விசுவாசக் குறைவு இல்லை என்று சேகரகுருவே அறிவிக்க வேண்டும். யூடியூப் நேரலை சிலருக்கு உதவும். சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்குக் கான்ஃபரன்ஸ் கால். எங்கள் ஊரில் இரண்டையும் விட உதவியது கோபுரத்தில் கட்டிய பழைய குழாய் ஒலிபெருக்கிதான். அனுமதி வாங்கி, சத்தத்தை அளவாக வைத்து ஆராதனையை அதில் விட்டோம். திண்ணையில் வெள்ளைச் சேலை கட்டி, வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சிமார் முழு ஆராதனையும் கேட்டார்கள்.

அசனம்

அசனத்தை, அதாவது பண்டிகைக்கான பொதுச் சாப்பாட்டை, அந்த வருடம் பந்தியாக வைக்காதீர்கள். முகக்கவசத்தைக் கழற்றித் தோளோடு தோள் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதை எந்த ஏற்பாடும் பாதுகாப்பானதாக ஆக்காது. சமைத்தே ஆக வேண்டும் என்றால் நலமாக இருக்கிற ஐந்தாறு பேர் வெளியில் அடுப்புப் போட்டுச் சமைத்து, அவரவர் தூக்குவாளியில் தெருவாரியாக வாங்கிப்போகட்டும். வாளியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கினால் போதும். சோறும் குழம்பும் சூடு ஆறும் முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

அரிசி யாருக்கு

வேதாகமத்தின் லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் பண்டிகைகளின் பட்டியல் நடுவிலேயே ஒரு கட்டளை வருகிறது: வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. அறுப்பின் பண்டிகையில் இது ஒரு பகுதி, தனித் தர்மகாரியம் அல்ல.

நடைமுறையில் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ரேஷனில் அரிசி கிடைத்துவிடும். கிடைக்காதது சோப்பு, சர்க்கரை நோய் மாத்திரை, வாடகை, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு ரீசார்ஜ். ஆகவே உள்ளூர் வீடுகளுக்குச் சீட்டில் கேட்டதையே கொடுங்கள். அரிசி அதிகம் தேவைப்படுவது ரேஷன் அட்டை இங்கே இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு, செங்கல் சூளைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறவர்களுக்கு. அவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எந்த மதம், எந்த சபை என்று பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இருக்க வேண்டாம். கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டாம், பையில் சபையின் பெயர் அச்சடிக்கவும் வேண்டாம். இருட்டியபிறகு வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினால் போதும் என்று கேட்ட வீடுகள் உண்டு, அப்படியே செய்தோம்.

பண்டிகைக்குப் பின் இரண்டு வாரம்

யார் எந்த ஆராதனையில் எந்தப் பெஞ்சில் இருந்தார் என்ற பட்டியல் செயலரிடம் 14 நாள் இருக்கட்டும். யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்தால் அவரே செயலருக்குப் போன் செய்ய வேண்டும், பெயரை வெளியே விடக் கூடாது. பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தகவல் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்த வீட்டுக்குத் தினமும் ஒருவர் பால், காய்கறி, மாத்திரை கொண்டுபோய் வாசலில் வைக்கட்டும். எங்கள் சபையில் ஒரு வீட்டுக்குத் தொற்று வந்தபோது தெருவே கதவைச் சாத்தியது. அந்த வீட்டு மைனி பிற்பாடு சொன்னது காய்ச்சலைப் பற்றி இல்லை, சாத்திய கதவுகளைப் பற்றித்தான்.

பதினைந்தாம் நாள் பட்டியலைக் கிழித்துப்போடுங்கள். வந்த பணம், நெல், ஏலத் தொகை, கொடுத்தது, மிச்சம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கடைசி வரியாக வீட்டுவாசலில் கொடுத்த கவர் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று எழுதுங்கள். திரும்பாத கவர் ஒவ்வொன்றுக்கும் இளைஞர் இருவர் மறுபடி அந்த வீட்டுத் திண்ணைக்குப் போய், நலமாக இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வரட்டும்.